மஞ்சள் நிற ஓப்பல் பிளிட்ஸ்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் ராணுவ லாரியான ஓப்பல் பிளிட்ஸின் 1:32 அளவு டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) பொம்மை ஒன்றைப் பழைய பொருளாக வாங்கினேன். பெட்டியில் 'கிழக்குப் போர்முனை, 1941' என்று போட்டிருக்கிறது. லாரியோ அடர்மஞ்சள். நிறம் தவறு என்கிறார் நண்பர். சாம்பல் நிறம் அடித்துவிடலாமா? பானெட்டில் பெயின்ட் கடுகளவு பொங்கியிருக்கிறது, ஜிங்க் பெஸ்ட் என்கிறார்களே, அதுவா? டயர்கள் பிளாஸ்டிக் ஸ்டாண்டோடு ஒட்டிக்கொண்டன. வீடு கடற்கரைப் பக்கம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். உங்கள் லாரியில் தவறு நிறத்தில் இல்லை, பெட்டியில் அச்சிட்ட வருடத்தில்தான் இருக்கிறது.

1940 ஜூலையிலிருந்து ஜெர்மன் தரைப்படை வண்டிகளுக்கு அடர்சாம்பல் ஒன்றுதான் நிறம், ஜெர்மனியின் 'ரால்' நிறப்பட்டியலில் இன்றைய எண்ணில் 7021. அடர்மஞ்சள், அதாவது ரால் 7028, அடிக்கச் சொல்லி ஆணை வந்தது 1943 பிப்ரவரியில். அதன்மேல் பூச ஆலிவ் பச்சையும் (ரால் 6003) செம்பழுப்பும் (ரால் 8017) கெட்டியான பசையாகப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டன. கையில் கிடைத்ததைப் பொறுத்து பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள். தண்ணீரில் கரைத்தது மழையில் வழிந்தது. அதனால்தான் அந்தக் காலப் புகைப்படங்களில் ஒரு வண்டியின் திட்டுகள் இன்னொன்றைப் போல இருப்பதில்லை. 1941இல் மஞ்சள் சாயலுக்கு வடஆப்பிரிக்கா மட்டுமே இடம் தரும். அங்கே அடித்தது ரால் 8000, அது பழுப்பு ஏறிய வேறு நிறம்.

இனி கேபினைப் பாருங்கள். உருண்ட விளிம்புள்ள இரும்புக் கேபின் என்றால் அது பிராண்டன்பர்க் தொழிற்சாலையின் லாரி. 1944 ஆகஸ்ட் 6 அன்று குண்டுவீச்சில் அந்த ஆலை அழிந்தது. அதே ஆண்டில் மன்ஹைமில் டைம்லர்-பென்ஸ் இதே லாரியை எல் 701 என்ற பெயரில் கட்டியபோது, மரத்தாலும் அழுத்திய அட்டையாலும் ஆன பெட்டி வடிவக் கேபின் வந்தது. ஆக, இரும்புக் கேபினும் அடர்மஞ்சளும் 1943க்கும் 1944 கோடைக்கும் இடையில் சரியாகப் பொருந்தும். இடது மட்கார்டில் நோடெக் இருட்டடிப்பு விளக்கு இருந்தால் அதுவும் ஒத்துப்போகும். நம்பர் பிளேட்டில் 'டபிள்யூ எச்' இருந்தால் தரைப்படை, 'டபிள்யூ எல்' இருந்தால் விமானப்படை. அலமாரியில் வைக்கும் அட்டையில் '1943' என்று எழுதுங்கள். செலவு ஒரு காகிதம்தான்.

லாரியைக் கையில் எடுத்ததும் வெர்னியரால் வீல்பேஸை, அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடைத்தூரத்தை, அளந்துவிடுங்கள். பின்சக்கரம் மட்டும் ஓடும் எஸ் வகைக்கு அசலில் 3600 மில்லிமீட்டர், 1:32இல் 112.5. நான்கு சக்கரமும் ஓடும் ஏ வகைக்கு 3450, அதாவது சுமார் 108. கவிழ்த்துப் பார்த்தால் ஏ வகையின் முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் (சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரத் தொகுதி) உருண்டை தெரியும். எஸ் வகையில் சுமார் 82,000 கட்டினார்கள், ஏ வகையில் சுமார் 25,000. பெட்டி ஒன்றைச் சொல்லி லாரியின் வார்ப்பு இன்னொன்றைச் சொன்னால் வார்ப்பையே நம்புங்கள். எஸ் வகையில் 103 வந்தால் உங்களிடம் இருப்பது 1:35. பழைய பொருள் சந்தையில் இந்த இரண்டு அளவுகளையும் கலந்து விற்பது சாதாரணம்.

பெயின்ட் பொங்கிய விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் முக்கியமானது. ஜிங்க் பெஸ்ட் என்பது பூச்சியல்ல. துத்தநாக வார்ப்புக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் இம்மியளவு மிகுந்தாலும், ஈரக்காற்றில் உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு ஓடி, வார்ப்பு உப்பி வெடிக்கும். 1930களின் பொம்மைகளில் இது பிரசித்தம், 1990களுக்குப் பிந்தைய வார்ப்புகளிலும் கண்டிருக்கிறார்கள். பக்கத்து வண்டிக்குத் தொற்றாது. வந்தால் மருந்தும் கிடையாது.

பெயின்ட் பொங்கிய இடமெல்லாம் அது அல்ல. வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்றும், எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் அடித்த பெயின்டும் இதே கொப்புளத்தைத் தரும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வலைபோல மயிர்க்கோடுகள் ஓடினாலோ, அடித்தட்டின் திருகுத்தூண்கள் பிளந்திருந்தாலோ, முன்பு மூடிய கதவு இப்போது இடித்தாலோ சந்தேகப்படுங்கள். வீல்பேஸ், கேபின் அகலம், பானெட் நீளம் மூன்றையும் குறித்து வைத்து, ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அளங்கள். வளர்ந்திருந்தால் பெஸ்ட்தான். வளரவில்லை என்றால் கொப்புளத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

உரித்து அடிக்கும் யோசனை எழுந்தால் இதை நினைவில் வையுங்கள்: காஸ்டிக் சோடா துத்தநாகத்தையே கரைக்கும், வினிகரும் அரிக்கும், அசிட்டோன் பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுக்கும். வெறும் துத்தநாகத்தில் எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) இல்லாமல் எனாமல் நிற்காது, தோலாக உரியும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஆலையில் அச்சிட்ட எண்களும் குறிகளும் போய்விடும். அவற்றோடு விலையில் பெரும்பகுதியும் போகும்.

டயரை இழுக்காதீர்கள். மென்மையான வினைல் டயரில் கலந்திருக்கும் எண்ணெய் மெல்ல வெளியேறி ஸ்டாண்டின் பிளாஸ்டிக்கை இளக்கியிருக்கிறது. இழுத்தால் ஆக்சில்தான் முறியும். பல் இடுக்கில் விடும் நூலை டயருக்கு அடியில் நுழைத்து, அறுப்பதுபோல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிரிந்ததும் சேஸிஸுக்கு அடியில் இரண்டு சிறு மரக்கட்டைகள் கொடுத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி தூக்கி வையுங்கள். இடையில் அலுமினியத் தாள் ஒரு துண்டு போதும்.

கடற்கரை வீட்டுக்குக் காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டி தேவை. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் நிற்கட்டும், உள்ளே ஒரு ஈரமானி வையுங்கள். பொம்மைகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் ஒன்றிரண்டு எதற்கும் உதவாது. கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்பது அருங்காட்சியகங்களின் பழைய கணக்கு, 50 லிட்டர் பெட்டிக்கு 1 கிலோ வருகிறது. சிலிக்காவின் நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைப் பெட்டி வேண்டாம், அதிலிருந்து கசியும் அமில ஆவி துத்தநாகத்தை அரிக்கும். வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம்.

ஆறு மாத அளவு வந்ததும் மூன்று எண்களையும் எழுதி அனுப்புங்கள். பானெட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றும் சேர்த்து.