யாரை முதலில் உள்ளே அனுப்புவது? ட்ரையேஜ் (அவசரப் பிரிவு வாசலில், யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும்) நர்ஸ்களுக்கான கேள்வி பதில்

அக்கா, நோய் என்னவென்றே தெரியாமல் சிவப்பு (உடனே), மஞ்சள் (சீக்கிரம்), பச்சை (காத்திருக்கலாம்) என்று எப்படிப் பிரிப்பது? (மூன்றாம் ஆண்டு மாணவி)

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் பாடு. இவர் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதுதான் நமக்குக் கேள்வி. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு என்று வரிசையாகப் பாருங்கள். ஒன்றில் ஆபத்து தெரிந்தாலும் சிவப்பு. பெயர், வயதெல்லாம் உள்ளே அனுப்பிய பிறகு எழுதலாம்.

மூச்சை உண்மையிலேயே எண்ணணுமா சிஸ்டர்? சீட்டில் எல்லாருக்கும் 18, 20 தானே போடுகிறோம்?

அதனால்தான் சொல்கிறேன், எண்ணுங்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் பாருங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சுவிடும் விதமே மாறிவிடும். கிருமி ரத்தத்தில் பரவியவருக்குப் பிரஷர் இறங்கும் முன்பே மூச்சு வேகமாவது உண்டு. இஎஸ்ஐ (Emergency Severity Index) என்று அவசரத்தை ஐந்து படியாகப் பிரிக்கும் முறை உண்டு; அதில் முதல் படிதான் மிக அவசரம். அந்த முறையில், பெரியவர்களுக்கு நாடி 100க்கு மேல், மூச்சு 20க்கு மேல், ஆக்ஸிஜன் 92 சதவீதத்துக்குக் கீழ் என்றால், மூன்றாம் படியில் வைத்தவரை இரண்டுக்கு உயர்த்தலாமா என்று யோசிக்க வேண்டும்.

கூட்ட நேரத்தில் யாரைத் தவறவிடுகிறோம்?

சத்தம் போடாதவரை. சர்க்கரை உள்ள ஒரு அம்மா, "கேஸ் மாதிரி இருக்கும்மா, மேல்வயிறு ஒரு மாதிரி பண்ணுது" என்பார். நெற்றியெல்லாம் வியர்வை. மாரடைப்பாக இருக்கலாம். வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து டாக்டர் கையில் கொடுங்கள்.

இன்னொருவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேளுங்கள். தரையில் என்றால், தலையை அசைக்காமல் கொஞ்ச நேரம் மேலேயே பார்க்கச் சொல்லுங்கள். இமை சரிகிறதா? பாம்புக்கடியாக இருக்கலாம், சிவப்பு. கடித்த தடம் தேடாதீர்கள்; கட்டுவிரியன் கடித்த இடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது.

புதியவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு போதுமா? (பயிற்சிப் பொறுப்பு நர்ஸ்)

போதாது. ஒரே நோயாளியின் விவரத் தாளை எல்லாருக்கும் கொடுத்து, தனித்தனியாக நிறம் போடச் சொல்லுங்கள். ஒத்துப்போனதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு நிறம் போட்டதை மட்டும் பேசுங்கள், வகுப்பே அதுதான். அப்புறம் அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க, வாசலில் சில வாரம்.

கவுன்சிலர் ஆள் என்று சண்டைக்கு வந்தால்?

நிறத்தை மாற்றாதீர்கள். டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பச்சை போட்டவரை அப்படியே விடலாமா?

கூடாது. பெஞ்சில் இருப்பவர்களை ஒரு சுற்று மறுபடி பாருங்கள். முன்பு பேசிக்கொண்டிருந்தவர் இப்போது தூங்குகிறார் என்றால், தட்டி எழுப்பிப் பார்க்காமல் நகராதீர்கள்.