50 லட்சம் லோன் போட்டு மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கையில் 20 லட்சம், வங்கி 50 லட்சம் தரும், மேடவாக்கம் பக்கம் 65 லட்சத்துக்குப் புது டபுள் பெட்ரூம் ஃபிளாட், மாதம் 18,000 வாடகை வரும் என்கிறார் புரோக்கர். நீங்கள் வேலை பார்ப்பது பெங்களூரில், அப்பா அம்மா சிட்லபாக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். வாடகைக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டு மூன்று வருஷத்தில் நீங்களே குடிவரப் போகிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு.

கணக்கைப் பாருங்கள். புது ஃபிளாட்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம், அதுவே நாலரை லட்சம். கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. முடித்த ஃபிளாட் என்றே வைத்துக்கொண்டாலும் 70 லட்சத்தை நெருங்கிவிட்டது. ஃபேன், கிரில், அலமாரியெல்லாம் இதில் சேரவில்லை. வாடகை வருஷத்துக்கு 2.16 லட்சம். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு, சொத்து வரி எல்லாம் போனால் ஒன்றே முக்கால் லட்சம் நின்றாலே பெரிது. போட்ட பணத்துக்கு இரண்டரை சதவீதம்! அதே பணம் எஃப்டியில் சும்மா கிடந்தாலும் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

வட்டி இறங்கிவிட்டதே என்பீர்கள். இறங்கியது உண்மைதான், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ, 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதத்திலிருந்து குறைய ஆரம்பித்து டிசம்பரில் 5.25க்கு வந்தது. 50 லட்சத்துக்கு 20 வருஷத் தவணை 8.75 சதவீதத்தில் 44,000 சொச்சம், 7.75 சதவீதத்தில் 41,000. மூவாயிரம் மிச்சம், சரி. ஆனால் அந்த 41,000-ல் முதல் மாதம் 32,000 வட்டிக்கே போகிறது, வாடகை வருவதோ 18,000. ஒவ்வொரு மாதமும் 23,000 சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும், வீடு காலியாக இருக்கும் மாதம் முழுத் தவணையும் உங்கள் தலையில். பாதித் தவணையை வாடகை கட்டும் என்று புரோக்கர் சொல்வதே கொஞ்சம் தாராளமான கணக்கு.

வரி மிச்சமாகும் என்று ஆபீஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். வாடகையில் 30 சதவீதக் கழிவு உண்டு, வட்டியையும் கழிக்கலாம், ஆனால் அதில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் 2 லட்சம் வரை கழிப்பது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. சீனியர்கள் சொல்வது பெரும்பாலும் அவர்கள் வாங்கிய காலத்துக் கணக்கு.

விலை ஏறுமே என்பது அடுத்த வாதம். ஏறுவது மண், கட்டடம் பழசாகத்தான் போகும். அதனால் யுடிஎஸ், அதாவது அந்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். நூற்றுக்கணக்கான வீடுள்ள டவரில் அது பரிதாபமாக இருக்கும். இன்னொன்று, அந்த அப்பார்ட்மெண்டுக்கு வார நாளில் ராத்திரி எட்டரைக்குப் போய் கேட்டுக்கு எதிரில் நின்று, எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது, எத்தனை பால்கனியில் துணி காய்கிறது என்று பாருங்கள். பாதி இருட்டாக இருந்தால், உங்களைப் போலவே வாடகைக்கு விட வாங்கி ஆள் கிடைக்காமல் இருக்கும் ஓனர்கள் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியே செக்யூரிட்டி அண்ணனிடம் பேச்சுக் கொடுங்கள். உண்மையான வாடகை என்ன, ஏப்ரல் மே மாதம் ஒரு நாளைக்கு எத்தனை தண்ணி லாரி வருகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். புரோக்கர் சொல்லும் வாடகையில் மெயின்டனன்ஸும் சேர்ந்திருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஆயிரம் சதுர அடிக்கு அது மூவாயிரம் நாலாயிரம், ஓனர் தலையில் விழுந்தால் மேலே போட்ட கணக்கு இன்னும் இளைக்கும்.

சரி, வாடகை வருமானம்தான் வேண்டும் என்றால்? சிட்லபாக்கம் வீட்டுக்கு மாடி இருக்கிறதா? மொட்டை மாடிதான் என்றால் அதில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விடுங்கள், எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல முதலீடு உங்களுக்கு இப்போது கிடையாது. மண்ணுக்குப் பணம் போட வேண்டாம், பத்திரச் செலவு இல்லை. 700 சதுர அடி, அடிக்கு 2,500 என்று வைத்தால் பதினேழரை லட்சம், கையில் இருப்பதே போதும். மாதம் 12,000 வந்தால்கூட எட்டு சதவீதம். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம், அங்கிருக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலமான மெப்ஸில் வேலை செய்கிறவர்கள் வீடு தேடிக்கொண்டே இருப்பார்கள், போர்டு மாட்ட வேண்டிய அவசியம்கூட வராது. குடிவருபவர் யார் என்று அப்பா அம்மாவே பார்த்துக்கொள்வார்கள். அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று ஒரு இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிட்டு, ப்ளான் அப்ரூவல் வாங்கிக் கட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள், 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. அட்வான்ஸும் பழைய வழக்கப்படி பத்து மாதம் கேட்காதீர்கள், சட்டத்தில் உள்ளது மூன்று மாதம்.

ஒரே ஒரு சிக்கல். வீடு அப்பா பெயரில், காசு உங்களுடையது. அண்ணன், தங்கை என்று யாராவது இருந்தால் செங்கல் இறக்குவதற்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். மாடி உங்களுக்கு என்று முடிவானால் அப்பாவே அந்தப் பங்கை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கலாம், குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் தலா 1 சதவீதக் கணக்குதான், இரண்டுக்கும் உச்சவரம்பு இருக்கிறது.