இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளைப் பார்க்க மாணவர்களே வருவதில்லை. கூட்டம் சேர்க்க என்ன செய்யலாம்?

கேள்வியைப் பார்த்ததும் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. "பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது, எல்லாம் கைப்பேசியால் வந்த வினை" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் உடற்கல்வி ஆசிரியராகவோ பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் வகுப்பு வகுப்பாகப் போய், எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஆர்வத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அந்தத் தாளை வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். அதிகம் பேர் ஏறும் பஸ் 4.15க்கு என்றால், மைதானத்திலிருந்து ஸ்டாண்டுக்கு நடக்க 20 நிமிடம், பையைத் தேடி, தங்கச்சியைத் தேடிக் கிளம்ப இன்னொரு 15. ஆகவே 3.40க்கு விசில் ஊதியாக வேண்டும். உதைபந்தாட்டத்தை 35 நிமிடப் பாதிகளாக, 10 நிமிட இடைவேளையோடு வைத்தால் 80 நிமிடம். விழுந்து எழும்பும் நேரத்துக்கு ஒரு 5. அப்படியென்றால் 2.15க்கு ஆட்டம் தொடங்க வேண்டும். பாடசாலை விடுவது 1.30க்கு. கணக்கு சரியாக வருகிறது, ஆனால் நடுவில் இருப்பது 45 நிமிடம்தான், அதற்குள் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். பிரதம அதிதி அரை மணித்தியாலம் பிந்தி வந்து, மாலை போட்டு, விளக்கேற்றி, மூன்று பேர் பேசினால் முதல் பாதி முடியும்போதே பிள்ளைகள் எழும்பிப் போவார்கள். போகத்தான் வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்த தடவை அந்தப் பிள்ளையை வீட்டில் விடவும் மாட்டார்கள்.

கிரிக்கெட் இதில் இன்னும் சிக்கல். 50 ஓவர் ஆட்டத்துக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும், சனிக்கிழமை வைத்தால் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் டியூசனில் இருப்பார்கள். இருபது ஓவர் என்றாலும் மூன்று மணித்தியாலம் போகும். 2 மணிக்குத் தொடங்கினால் கடைசி ஓவர்களை மூடுபனிதான் பார்க்கும். கரப்பந்தாட்டம் மூன்று செட் என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கூட்டம் பழகும் வரைக்கும் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

கல்வி வலய, மாகாணப் போட்டித் திகதிகள் உங்கள் கையில் இல்லை, தெரியும். சிநேகபூர்வ ஆட்டங்களையாவது ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் நடுவுக்குள் வையுங்கள். அதற்குப் பிறகு பின்னேர இடிமழை, மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் டிசம்பர், ஜனவரியிலும் நல்ல மழை, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்தது யாரும் யோசிக்காத விஷயம்: வெள்ளைச் சீருடை. ஈரமான செம்மண் மேட்டில் எந்தப் பிள்ளை உட்காரும்? நின்றுகொண்டே 80 நிமிடம் பார்க்கச் சொன்னால் நாம்கூடப் போய்விடுவோம். 50 கிலோ யூரியா சாக்கைக் கழுவி, பக்கத் தையலையும் அடித் தையலையும் பிரித்து விரித்தால் மூன்று சின்னப் பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். 40 சாக்கு இருந்தால் 120 பேர். இரண்டு தண்ணியில் அலசி வெயிலில் காய வையுங்கள், உரம் ஒட்டியிருந்தால் தொடை அரிக்கும். சரிவில் விரித்தால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஸ்கெலியா மாதிரி இடங்களில் இரத்தம் குடிக்கும் அட்டைக்குச் சவர்க்காரத் துண்டு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பெண்பிள்ளைகள் வராததற்கு முதல் காரணம் மலசலகூடம். மைதானத்தில் இல்லையென்றால் பக்கத்துக் கோயிலிலோ பாடசாலையிலோ முதல் நாளே பேசி, சாவி யாரிடம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கியும் பூட்டிக் கிடப்பதுதான் வழக்கமாக நடப்பது.

பசியும் இருக்கிறது. காலை இடைவேளைக்குக் கொண்டுவந்த ரொட்டியோடு 3.40 வரை யாரும் தாங்க மாட்டார்கள். நூறு பேருக்கு 5 கிலோ கொண்டைக்கடலை போதும், வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஆளுக்கு ஒரு கைப்பிடி. இரவே ஊறப்போட வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், தண்ணீர் அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் வைத்தால் நேரம் போகுமே தவிரக் கடலை மெத்தென்று ஆகாது, பிரஷர் குக்கர்தான் சரி.

கண்டியில் மட்டும் கூட்டம் வருகிறதே என்று ஒருவர் வந்து கேட்பார். கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் 1945இலிருந்து ஆடும் பிராட்பி கேடய ரக்பிக்கு வருவதில் பெரும் பங்கு பழைய மாணவர்கள். அவர்களுக்குக் கடைசி பஸ் கவலை இல்லை. அதையும் தோட்டத்துப் பிள்ளையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

   

ட்ரம்பெட்டும் மேளமுமாக ஆட்டத்துக்கு வாசிக்கும் பப்பரே வாத்தியம் பிடிக்கக் காசு இருந்தால், அதிதிகள் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் 7, 8, 9ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்துங்கள். தொடக்கத்திலேயே ஊதித் தள்ள விடாதீர்கள், இடைவேளைக்குள் ட்ரம்பெட்காரருக்கு உதடு செத்துவிடும்.