கேள்வி – பதில்: கல் போன பிறகும் கட்டடம்

கேள்வி: இங்கிலாந்தில் பிற்கால ரோமானியக் கல்லறைக் கட்டடங்களை அகழும்போது, சில இடங்களில் சுவரில் ஒரு கல்கூட மிச்சமில்லை என்கிறார்கள். பிறகு நீளம், அகலம் எல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: கல்லைத் தூக்கிப் போகலாம், கல் இருந்த பள்ளத்தைத் தூக்கிப் போக முடியாதே! பின்னாளில் வெட்டுக்கல் தேவைப்பட்டவர்கள் அடித்தளம்வரை தோண்டி எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தில் உடைந்த சாந்து, ஓட்டுச் சில்லு, லாயக்கில்லாத பொடிக்கல் எல்லாம் விழுந்து நிரம்பின. இந்த நிரப்பு மண் பொலபொலவென்றிருக்கும். பக்கத்து மண் கெட்டி. காய்ந்த தரையில் இரண்டும் ஒரே நிறமாகத் தோன்றி ஏமாற்றும். தண்ணீரைப் பனிபோலத் தெளித்து, கொத்துக்கரண்டி விளிம்பால் ஒரே திசையில் சீவினால் எல்லைக்கோடு எழும்பி வரும். பள்ளத்தின் அடியில் அடித்தளச் சாந்து ஒட்டிக் கிடந்தால், சுவரின் அகலத்தை அதிலேயே அளந்துவிடலாம்.

தவறு நடப்பது அடுத்த கட்டத்தில். பள்ளத்தை நீளவாக்கில் ஒரே மூச்சாக அள்ளிவிடுவார்கள். அப்படிச் செய்தால், கல் எடுத்தவர்கள் தோண்டிய பள்ளமும், சுவர் கட்டியவர்கள் முதலில் வெட்டிய அடித்தளக் குழியும் கலந்துவிடும். குறுக்கே ஒரு வெட்டு போட்டு, வெட்டின் பக்கவாட்டு மண்முகத்தை வரைந்து, காலத்தால் பிந்திய கல் எடுத்த பள்ளத்தின் மண்ணை முதலில் எடுத்து, முந்திய அடித்தளக் குழியின் மண்ணைத் தனி எண் கொடுத்துத் தனிப் பையில் போட வேண்டும். முதலில் எடுத்த மண்ணில் கிடைக்கும் ஓடு கல் திருட்டுக்குத்தான் தேதி சொல்லும், கட்டடத்துக்கு அல்ல.

கேள்வி: அடித்தளக் குழியில் நாணயம் கிடைத்தால் கட்டிய ஆண்டு உறுதிதானே?

பதில்: 'அதற்கு முன் கட்டவில்லை' என்பது மட்டும் உறுதி. கி.பி. 330-களில் அடித்த காசு பல பத்தாண்டுகள் கை மாறியிருக்கலாம். 402-க்குப் பிறகு பிரிட்டனுக்குப் புதுக் காசு வருவதே அநேகமாக நின்றுவிட்டது. அதனால் காசு இல்லை என்பதை வைத்தும் கணக்குப் போடக் கூடாது.

கேள்வி: வண்ணம் தீட்டிய சாந்துப் பூச்சு இடிந்து கிடந்தால் எப்படி எடுப்பது?

பதில்: டார்ச்செஸ்டர் அருகே பவுண்ட்பரி இடுகாட்டில் இப்படி உதிர்ந்த பூச்சுத் துண்டுகளிலிருந்துதான், கோல் பிடித்து நிற்கும் ஆண்களின் வரிசை தெரிய வந்தது. துண்டுகள் பெரும்பாலும் முகம் குப்புறக் கிடக்கும். ஆர்வத்தில் புரட்டினால் வண்ணம் மண்ணோடு போய்விடும். கிடந்தபடியே படமெடுத்து, கட்டம் பிரித்து எண் போடுங்கள். பின்பக்கத்தையும் கழுவாமல் பாருங்கள்: நாணல் பதிந்த தடம் இருந்தால் அது கூரைப் பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். வண்ண முகம் தளர்ந்திருந்தால், பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து, ஜப்பானிய மெல்தாளை அதன்மேல் ஒட்டுவார்கள். ஈரப் பூச்சில் இதைத் தடவினால் வெள்ளை பூத்துவிடும். அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: ஈயச் சவப்பெட்டியை அங்கேயே திறந்து பார்த்தால் என்ன?

பதில்: வேண்டாம். 1999-இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் கல்பேழைக்குள் ஈயப்பெட்டி கிடைத்தபோது, அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்த்தான் திறந்தார்கள். அதனால்தான் 4-ஆம் நூற்றாண்டுப் பெண்ணின் தலைக்கடியில் வைத்த இலைகளும், பட்டும் பொன்னிழையும் கலந்த துணியின் எச்சங்களும் காப்பாற்றப்பட்டன. ஈயம் மெத்தென்றது, கயிறு போட்டுத் தூக்கினால் பெட்டி மடிந்து கிழியும். அடியில் பலகையை நுழைத்து, பக்கங்களில் நுரைத்திண்டு கொடுத்து, பலகையோடு தூக்க வேண்டும். மேலே படிந்த வெண்பொடி ஈயக் கார்பனேட், நஞ்சு. கையுறை, முகக்கவசம் கட்டாயம். கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடக்கூடாது.

கேள்வி: சவத்தின்மேல் ஜிப்சம் (நீரில் குழைத்தால் இறுகும் வெண்பொடி) ஊற்றியிருந்தால்?

பதில்: இறுகிய ஜிப்சத்தின் உட்பக்கத்தைத் தூரிகையால் தொடாதீர்கள். குழைவாக ஊற்றி இறுகியதால் துணி நெசவு அச்சாக அதில் பதிந்திருக்கும். விளக்கைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் இழைகள் நிழலோடு தெரியும்.

கேள்வி: எலும்பு கிடைத்ததும் செய்ய வேண்டியது?

பதில்: உண்மையில், அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இங்கிலாந்தில் 1857-ஆம் ஆண்டு அடக்கச் சட்டப்படி நீதி அமைச்சகத்தின் உரிமம். பிறகு, எலும்பை எடுக்கும்போது இடுப்பெலும்புக் குழியின் மண்ணைத் தனிப் பையில் கட்டுங்கள். குடல்புழு முட்டைகள் அங்கேதான் தங்கும். தலைப்பக்க மண்ணையும் ஒப்பீட்டுக்கு எடுங்கள். இல்லாவிட்டால் முட்டை உடலிலிருந்து வந்ததா, மண்ணிலேயே இருந்ததா என்று சொல்ல முடியாது.