வாசகர் கேள்வி: கொழும்புச் சம்பளத்துக்கு இந்திய ரூபாய்க் கணக்கு

கேள்வி: என் தந்தையார் கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். 1964 முதல் 1978 வரை பெற்ற சம்பளத்தை அவர் குறித்து வைத்திருந்த நோட்டு அண்மையில் கிடைத்தது. தொகைகள் யாவும் இலங்கை ரூபாயில் உள்ளன. இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் இரண்டு என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியே பாதியாக்கிக் கணக்கிட்டால் சரியாக இருக்குமா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: சரியாக இராது. நீங்கள் கேட்டிருக்கும் வாய்ப்பாடு 1977-க்குப் பிற்பட்ட காலத்துக்கு உரியது. நோட்டின் முன்பக்கங்களுக்கு அதைப் பொருத்தினால் உங்கள் தந்தையாரின் சம்பளம் பாதியாகவும், ஓரிடத்தில் மூன்றில் ஒரு பங்காகவும் சுருங்கிவிடும்.

1964-இல் இரண்டு ரூபாய்க்கும் ஒரே மதிப்பு. இலங்கையில் 1872 முதல் ரூபாயே செலாவணியாக இருந்தது. 1950-இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கப்படும் வரை அந்நாட்டு ரூபாய் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தது. மத்திய வங்கி வந்தபின் பிணைப்பு நீங்கிற்று என்றாலும், 1949-இல் பவுண்டோடு சேர்ந்து மதிப்பிறங்கிய இரு ரூபாய்களும் டாலருக்கு 4.76 என்ற அளவிலேயே நின்றதால், நடைமுறையில் சமமதிப்பு தொடர்ந்தது. ஆகவே 1966 மே மாதம் வரையுள்ள பக்கங்களில் எந்தக் கணக்கும் தேவையில்லை; நூறு என்றால் நூறுதான்.

1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 4.76-இலிருந்து 7.50-க்கு இறக்கியது. இலங்கை அசையவில்லை. அன்றிலிருந்து நூறு இலங்கை ரூபாய் ஏறத்தாழ 157 இந்திய ரூபாய்க்குச் சமமாயிற்று. சம்பளம் ஒரு காசுகூட உயராமலேயே, ஊருக்கு வந்து சேரும்போது ஒன்றரை மடங்குக்கு மேலாயிற்று என்பது இன்று கேட்பவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். இந்த ஏற்றம் ஒன்றரை ஆண்டுக்குக்கூட நீடிக்கவில்லை. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இலங்கையும் தொடர்ந்து குறைத்து, டாலருக்கு 5.95 என்று வைத்தது. இந்தியா அந்த முறை பின்தொடரவில்லை. எனவே நூறு இலங்கை ரூபாய் 126 இந்திய ரூபாயாக இறங்கியது.

இந்த எண்கள் எந்தச் சந்தையிலும் கூவி விற்கப்பட்டவை அல்ல. இரண்டு ரூபாய்களையும் நேருக்கு நேர் வாங்கி விற்கும் பெரிய சந்தை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் டாலரிலோ பவுண்டிலோ இருந்த விலையை எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பெறும் குறுக்கு விகிதமே நாம் பேசுவது. அதனால், கொழும்பில் எதுவுமே நடக்காதபோதும் புதுதில்லியின் ஓர் அறிவிப்பால் விகிதம் புரண்டுவிடும். இணையத்தளங்களில் ஒரே ஆண்டுக்கு வெவ்வேறு எண்கள் வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: ஒருவர் ஆண்டுச் சராசரியை வகுத்திருப்பார், இன்னொருவர் டிசம்பர் மாத இறுதி விலையை எடுத்திருப்பார். சம்பளக் கணக்குக்குச் சராசரியே பொருந்தும்.

1968 முதல் 1977 வரையுள்ள பக்கங்களில்தான் எச்சரிக்கை வேண்டும். 1968 மே மாதத்தில் இலங்கை அரசு செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. தேயிலை, ரப்பர், தேங்காய் ஆகிய பழைய ஏற்றுமதிகளுக்கும் அரிசி போன்ற இன்றியமையாத இறக்குமதிகளுக்கும் அதிகாரப்பூர்வ விலை. ஏனைய பலவற்றுக்கு அதன்மேல் 44 விழுக்காடு கூடுதல், அதுவும் பின்னர் 65 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. ஒரே நாளில் ஒரே நாட்டில் டாலருக்கு இரண்டு விலை இருந்தது என்று பொருள். புள்ளிவிவர நூல்களில் அச்சாவது குறைந்த விலைதான். அதன்படி 1975-இல் டாலர் இலங்கையில் ஏறத்தாழ 7 ரூபாய், இந்தியாவில் 8.40, நூறு இலங்கை ரூபாய்க்கு 120 இந்திய ரூபாய். இந்த 120-ஐ நான் உச்சவரம்பாகவே கொள்வேன். கூடுதல் விலையையும் சேர்த்துப் பார்த்தால் தொகை எழுபது ரூபாய்க்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

1977 நவம்பரில் ஜெயவர்த்தனா அரசு இரட்டை விலையை ஒழித்து, டாலருக்கு 16 ரூபாய் என்ற நிலையிலிருந்து ரூபாயை மிதக்கவிட்டது; அதாவது, விலையை நிலையாக நிறுத்தாமல் ஏறி இறங்க விட்டது. இந்திய ரூபாய் அப்போது டாலருக்கு எட்டரை அளவில் இருந்தது. நோட்டின் கடைசி ஆண்டான 1978-க்கு, நூறு இலங்கை ரூபாயை 52 இந்திய ரூபாயாகக் கொள்ளலாம். உங்கள் வீட்டு வாய்ப்பாடு பிறந்தது இங்கேதான். தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களில், இந்தியாவும் இலங்கையும் அவர்களைப் பற்றிச் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்கீழ் 1967-இல் கப்பலேறியவருக்கும் 1978-இல் ஏறியவருக்கும் கையிருப்பு ஒன்றே என்றாலும், இராமேசுவரத்தில் அதன் மதிப்பு மூன்றுக்கு ஒன்றாக வேறுபட்டிருக்கும்.

கேள்வி: இந்த ‘ஒன்றுக்கு இரண்டு’ பின்னர் நிலைத்ததா? நேபாள ரூபாயைப் போல ஒப்பந்தம் ஏதும் உண்டா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: ஒப்பந்தம் ஏதும் இல்லை. 1991 ஜூலையில் இந்தியா மதிப்பிறக்கியபோது ஓர் இந்திய ரூபாய் 1.60 இலங்கை ரூபாய் அளவுக்குத் தாழ்ந்தது. 2022 மார்ச்சில் இலங்கை தன் பிடியைத் தளர்த்தியபோது, சில வாரங்களில் 2.60-இலிருந்து நாலரைக்கு மேல் ஏறியது. நேபாளத்தின் நிலை வேறு. 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று நிலையாக வைத்திருப்பதால், அங்கே டாலரின் விலையை அறிய இந்திய விலையை 1.6-ஆல் பெருக்கினால் போதும்.