நெடுந்தூர ஓட்டம்: கேட்டவர்களுக்குப் பதில்

பதினான்கு வருடமாக ஓடுகிறேன். ஆறு வருடமாக அதிகாலைகளில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் புதியவர்களோடு ஓடுகிறேன். ஓட்டப் பயிற்சியைப் பற்றியும் அதைக் குறித்துவைப்பது பற்றியும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி (குரோம்பேட்டை, வயது 38): ஐந்து நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது. ஆறு மாதத்தில் அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) ஓட முடியுமா?

முடியும். மூச்சு வாங்குவது பெரும்பாலும் நீங்கள் வேகமாக ஓடுவதால்தான். முதல் நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்புறம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். அரை மணி நேரம் நிற்காமல் ஓட வந்தபிறகு கிலோமீட்டர் கணக்குக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் கூட்டாதீர்கள், குறையுங்கள்.

அந்த நான்காவது வாரத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதயம் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். சுவரில் பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதுப் பூச்சு போடுவதுபோல, எலும்பு முதலில் பழையதை அரித்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். கொத்திப்போட்ட நிலையில் எலும்பு இருக்கும் அதே வாரங்களில் உங்களுக்கு மூச்சு சீராகி, இன்னும் ஓடலாம் என்று தோன்றும். முதல் வருடம் நான் 8 கிலோமீட்டரிலிருந்து நேராக 14க்குப் போனேன். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம், விரல்நுனி அளவு இடத்தில் வலி. தசைப்பிடிப்பு என்று நினைத்துப் பத்து நாள் ஓடினேன். எலும்பில் மயிரிழை விரிசல், மூன்று மாதம் ஓட்டமே இல்லை. பரவலான வலியென்றால் இரண்டு நாள் ஓய்வெடுத்துப் பார்க்கலாம். எலும்பின் மேல் ஒரே புள்ளியில் விரல் வைத்ததும் சுரீர் என்றால் அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): எந்த ஷூ வாங்கலாம்?

மாலையில் கடைக்குப் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். போட்டு நாலடி ஓடிப் பாருங்கள். உறுத்தாததை வாங்குங்கள்.

கேள்வி (திருச்சி): வெறுங்காலில் ஓடினால் நல்லதாமே?

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடியும் தங்கம் வென்றார். பழகிய கால் எப்படியும் ஓடும். பழகாத காலோடு தார்ச்சாலையில் ஒரேயடியாக இறங்காதீர்கள்.

கேள்வி (சோழிங்கநல்லூர், மென்பொருள் வேலை): இதயத்துடிப்பு 142க்கு மேல் போகாமல் மெதுவாக ஓடச் சொல்கிறது கைக்கடிகாரம். மே மாதத்தில் அது நடையாகவே ஆகிவிட்டது. பின்தங்கிவிட்டேனா?

இதற்கு நான் பதில் எழுதுமுன் அண்ணா நகரிலிருந்து 61 வயதுப் பெரியவர் ஒருவர் எழுதினார்: "கடிகாரத்தைக் கழற்றி வை தம்பி. பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிந்தால் அது மெதுவான ஓட்டம்." கேள்வி கேட்ட தம்பி விடவில்லை: "பேச்சு ஒரு அளவா சார்? எண் இல்லாமல் முன்னேற்றம் எப்படித் தெரியும்?" அவர்: "முப்பது வருடமாக எனக்குத் தெரிகிறதே." இப்படியே பதினோரு பதில்கள் போய்விட்டன.

பேச்சுச் சோதனையில் ஐயா சொல்வது சரி. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் மெதுவான வேகம், எந்த வெயிலிலும். தம்பியின் 142 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் ஒரு பங்கு. அது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. உடல் சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் போவதால், அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கும். நீங்கள் பின்தங்கவில்லை. மணிக்கட்டுக் கருவி தளர்வாக இருந்தால் காலடியையே துடிப்பாக எண்ணிவிடுவதும் உண்டு. சாவகாசமாக ஓடும்போது 172 காட்டினால், நின்று கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் எண்ணே வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன் ஐயா. நினைவு ஏமாற்றும். கிலோமீட்டரோடு உடம்பு எப்படி இருந்தது என்பதையும் எழுத வேண்டும். என் நோட்டில் ஒரு மே மாதப் பக்கம்: "12 கி.மீ., 1.31. காலை 5.40க்கே சட்டையைப் பிழிந்தால் தண்ணீர். தூக்கம் ஐந்து மணி. வலது கெண்டைக்கால் இறுக்கம். சிரமம் 10க்கு 7." டிசம்பரில் அதே பாதை, 1.24, சிரமம் 4. இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முன்னேற்றம் தெரிகிறது. கடிகாரம் வெறும் ஏழு நிமிடத்தைத்தான் சொல்லியிருக்கும்.

கேள்வி (வேலூர்): சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், ஓடலாமா?

உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள் அம்மா. இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது.

கேள்வி (புதுச்சேரி): நீண்ட ஓட்டத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. அதில் ஒரு பகுதியை வழியில் குடித்தால் போதும். ஓடி முடிக்கையில் எடை ஏறியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்பு, குறைந்திருந்தது. வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தால் அந்த உப்பு நீர்த்துப்போகும், அது ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பும் சேரட்டும்.

கேள்வி (ஓசூர்): எந்த ஷூ நல்லது?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (சேலம்): மூன்று வாரத்தில் 10இலிருந்து 21 கிலோமீட்டருக்குப் போகலாமா?

கூடாது. குரோம்பேட்டைக்கான பதிலை முழுக்கப் படியுங்கள். இதே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது, ஐந்து பேருக்கும் இதுதான் பதில். அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஓடாத நாளையும் நோட்டில் எழுத வேண்டுமா?

எழுதுங்கள். எழுந்ததும் படுக்கையிலேயே துடிப்பை எண்ணி அந்த ஒரு எண்ணை மட்டும் குறியுங்கள். வழக்கமாக 58 இருப்பவருக்கு இரண்டு மூன்று நாளாக 66 வந்தால், காய்ச்சல் வரப்போவதாக இருக்கலாம், அல்லது ஓய்வு போதாமல் இருக்கலாம். அன்று ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.