ஆட்டுக்கொல்லி நோய்: கிருமி நுழையும் வாசலை அடைக்க மருந்து உண்டா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே தென்னந்தோப்பில் ஆடு வளர்க்கிறேன். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய ஆடுகளைப் பழைய ஆடுகளோடு சேர்த்தே அடைத்தேன். ஒரு வாரத்தில் புது ஆடுகளுக்குக் கடும் காய்ச்சல், மூக்கில் சளி, துர்நாற்றக் கழிச்சல் வந்தன. ஒரு குட்டி இறந்துவிட்டது. வைரஸ் செல்லுக்குள் நுழையும் ஏற்பியை அடைக்கும் புது மருந்து வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வாங்கலாமா? இப்போது தடுப்பூசி போடலாமா?

பதில்: அந்த மருந்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஆடுகளுக்கு அப்படி ஒரு மருந்து இன்றுவரை விற்பனையில் இல்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஆட்டுக்கொல்லி நோயை, அதாவது பி.பி.ஆர். நோயைக் காட்டுகின்றன. நோயுற்ற ஆட்டின் கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்து ஈறைப் பாருங்கள். சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருக்கும், துடைத்தால் அடியில் சிவந்த புண் தெரியும், வாய் நாறும். ஆனாலும் சளியும் கழிச்சலும் வேறு நோய்களிலும் வருவதால் பரிசோதனை செய்தே முடிவுசெய்ய வேண்டும். இன்றே உங்கள் பஞ்சாயத்து மிருகாசுபத்திரிக்குச் சொல்லுங்கள். கண், மூக்குச் சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ், சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டிய நோய் இது. தயங்க வேண்டாம், நீங்கள் மறைத்தால் பக்கத்துத் தோப்பு ஆடுகளும் சாகும்.

இனி அந்த ஏற்பி விஷயம். செய்தியில் சொல்லும் மருந்து பொய்யென்றாலும் அதற்குப் பின்னால் உள்ள அறிவியல் மெய். வைரஸ் தானாகப் பெருக முடியாது; உயிருள்ள செல்லுக்குள் போயாக வேண்டும். செல்லின் மேற்பரப்பில் உள்ள, ஏற்பி எனப்படும் சில புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும். ஆட்டுக்கொல்லிக் கிருமிக்கு அப்படி இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று ஸ்லாம் என்னும் ஏற்பி. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் மேல் இருக்கிறது. மற்றொன்று நெக்டின்-4, மூச்சுக்குழாய், குடல், வாய் ஆகியவற்றின் உட்பரப்புச் செல்களில் இருக்கிறது. மனிதருக்குத் தட்டம்மை தரும் வைரஸும் இதே குடும்பம்தான், இதே இரண்டு ஏற்பிகளைத்தான் பிடிக்கிறது.

உங்கள் தொழுவத்தில் நடப்பதற்கு விளக்கமே இதில் இருக்கிறது. கிருமி முதலில் வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. அந்த நாலைந்து நாள் ஆடு நன்றாகவே மேயும், சந்தையிலும் நன்றாகவே தெரியும். பிறகு உட்பரப்புச் செல்களுக்குத் தாவும்போதுதான் சளி, வாய்ப்புண், கழிச்சல் எல்லாம் வருகின்றன. அவற்றின் வழியாகவே கிருமி வெளியேறி அடுத்த ஆட்டுக்குப் போகிறது. எதிர்ப்புச் செல்களே அடிபடுவதால் நிமோனியா போன்ற பாக்டீரியா நோய்கள் எளிதில் சேர்ந்துகொள்கின்றன. பல ஆடுகள் சாவது அதனால்தான்.

மனித மருத்துவத்தில் வாசலடைப்பு மருந்துகள் உண்மையிலேயே உண்டு. எச்.ஐ.வி. பிடிக்கும் சிசிஆர்5 ஏற்பியை அடைக்கும் மாரவிராக் 2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பன்றிகளில் வேறு வழி: சிடி163 என்ற ஏற்பியின் ஒரு பகுதியை மரபணுத் திருத்தத்தால் நீக்கி, பி.ஆர்.ஆர்.எஸ். என்னும் பன்றி வைரஸ் நோய் தாக்காத பன்றிகளை உருவாக்கினார்கள். 2025-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆட்டுக்கு இவை எளிதல்ல. ஸ்லாம், வெள்ளணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறவும், நெக்டின்-4 செல்கள் ஒட்டி நிற்கவும் உடலுக்கே தேவைப்படுபவை. திருடனுக்குப் பயந்து வாசலைச் சுவர் வைத்து அடைத்தால் வீட்டுக்காரரும் போய்வர முடியாது அல்லவா? அதைவிடப் பெரிய தடை, காலம். காய்ச்சல் உங்கள் கண்ணுக்குத் தெரியும்போது கிருமி ஏற்கெனவே உள்ளே பெருகிவிட்டது.

ஏற்பியைத் தொடாமல் கிருமியின் பிடியைத் தடுக்கும் வழி நம் கையில் இருக்கிறது: தடுப்பூசி. ஊசிக்குப் பின் ஆட்டின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள், ஏற்பியைப் பிடிக்கும் கிருமியின் எச் புரதத்தின் மேல் போய் அமர்ந்துவிடுகின்றன. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1987-இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில்தான் கண்டறியப்பட்டது. அங்கே கிடைத்த கிருமியை வீரியம் குறைத்துத்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' தடுப்பூசியை உருவாக்கியது. நம் மண்ணில் விளைந்த இந்தத் தடுப்பூசியை விட்டுவிட்டு வாட்ஸ்அப் மருந்தைத் தேட வேண்டியதில்லை.

இப்போது போடலாமா என்றால், நோயுற்றவற்றுக்கு வேண்டாம், பயனில்லை. அறிகுறி இல்லாத ஆடுகளுக்கும், சுற்றுத் தோப்புகளின் ஆடுகளுக்கும் போடுவதை டாக்டர் முடிவுசெய்வார். உங்கள் ஆடுகளில் சில ஏற்கெனவே கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம், அவை ஊசிக்குப் பிறகும் விழலாம்; ஊசியால் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பாதுகாப்பு உருவாக 2 வாரமாவது ஆகும். பிறகு குறைந்தது 3 ஆண்டு நிற்கும். குட்டிகளுக்கு 4 மாத வயதில் போடுங்கள். இது உயிருள்ள தடுப்பூசி, ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். கலக்கியதை வெயிலில் வைக்காமல் உடனே போட்டு முடிக்க வேண்டும்.

நோயுற்றவற்றைத் தனியே கட்டி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அடிக்கடி புகட்டுங்கள். வாய்ப்புண்ணை இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பர்மாங்கனேட் நீரில் கழுவி கிளிசரின் தடவுங்கள். மூக்கை அடைக்கும் காய்ந்த சளியை ஈரத்துணியால் துடைத்தால் மூச்சு எளிதாகும், தீவனமும் எடுக்கும். ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. கூடச் சேரும் பாக்டீரியாவுக்காக டாக்டர் தருவதை அவர் சொன்ன எல்லா நாட்களும் போடுங்கள். பிழைக்கும் ஆட்டுக்கு இந்த நோய் மறுபடி வராது. இறந்த குட்டியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். இந்த ஆடுகளில் ஒன்றைக்கூட இப்போது சந்தைக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்பக் கூடாது. அடுத்த முறை வாங்கிவரும் ஆடுகளை 3 வாரம் தனிக் கொட்டகையில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு வைத்துப் பார்த்த பிறகே மந்தையில் விடுங்கள்.